நாற்கூற்று மருத்துவமும் நோயாளியின் பொருளுடைமையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் பெரும்பாலும் உணவொழுக்கப் பாடமாகவே நடத்தப்பட்டு வருகிறது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதிகாரத்தின் பத்துக் குறள்களில் இரண்டாவது முதல் ஏழாவது வரையுள்ள ஆறும் உண்ணும் முறையையே பேசுகின்றன. முன் உண்டது செரித்தபின் உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடலோடு மாறுபடாதவற்றை உண்ணுதல் என்பன இளம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். ஆசிரியர்க்கும் விளக்கிச் சொல்ல எளியன. எட்டாவதும் ஒன்பதாவதும் மருத்துவனின் கடமையைக் கூறுவன. பத்தாவதாகிய 950ஆம் குறளோ மனனப் போட்டிக்கு ஒப்புவிக்கப்படுகிறது; பொருள் கூறப்படுகிறது; அத்தோடு பாடம் முடிகிறது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. ஆறு குறள்களின் கருத்தே மாணவர் நெஞ்சில் தங்கிவிடுமானால், நோய் என்பது நோயாளி தன் தவற்றால் தேடிக்கொண்டது என்னும் எண்ணமும் உடன் தங்கிவிடும். மலேசியச் சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்தியரிடையே அவ்விகிதம் 30 விழுக்காட்டையும் தாண்டியது. இந்த எண்ணைக் கண்டவுடன், வாயைக் கட்டாததால் வந்த வினை என்று தீர்ப்புரைப்பது எளிது. கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ இரவு வேலை முடிந்து திரும்பும் ஒருவர் கையிலிருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் உண்கிறார் என்பதையும், நோய் முற்றிய பின்னர் அவருக்கு ஆகும் செலவு அவர் ஊதியத்தோடு ஒட்டாதது என்பதையும் அத்தீர்ப்பு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகும் இந்நாளில், ஊன்றிப் படிக்கப்பட வேண்டியது அந்தப் பத்தாம் குறளே.

உரையாசிரியரின் பதினாறு

மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என்பது அக்குறளின் கருத்து. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தளித்துப் பேணுபவன் என்பன அந்நான்கு. நோயைத் தனி ஒருவனின் பிழையாகக் காணும் நோக்கு இங்கேயே தளர்ந்துவிடுகிறது. நால்வகைப் பொறுப்பு வகுக்கப்பட்டுவிடுகிறது.

ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பரிமேலழகர், இக்கூறுகள் ஒவ்வொன்றையும் மேலும் நான்காகப் பகுத்துப் பதினாறாக விரிக்கிறார். நோயாளிக்கு வேண்டியவை நான்கு: பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். மருந்துக்கு வேண்டியவற்றுள் ஒன்று, அஃது எளிதில் கிடைப்பதாக இருத்தல். நோயாளியிடம் முதலில் தேடப்படுவது பொருள் என்பதும், மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதும் ஒரே உரையில் அருகருகே நிற்கின்றன. பொருளுடையார்க்கு எல்லா மருந்தும் எளிதில் கிடைக்கும். பொருளில்லார்க்கு எளிதில் கிடைக்க வேண்டுமானால் அப்பொருளை வேறு யாரேனும் தர வேண்டும். யார் தருவது என்னும் வினாவை உரை எழுப்பவில்லை. ஆயினும் வினா அங்கே உள்ளது.

இந்தப் பொருளுடைமை எங்கிருந்து வந்தது என்பதும் நோக்கத்தக்கது. வடமொழி மருத்துவ நூல்களிலும் இந்நாற்கூற்றுப் பகுப்பு உண்டு. சரகரின் நூலில் நோயாளிக்குரிய நான்கு பண்புகளாவன நினைவாற்றல், சொன்னபடி செய்தல், அஞ்சாமை, நோயைத் தெரிவித்தல் என்பனவே. செல்வம் அப்பட்டியலில் இல்லை. மருந்தின் பண்புகளைக் கூறும்போது, அது மிகுதியாகக் கிடைப்பதாக இருத்தலையே அவர் முதலில் வைக்கிறார். காலத்தால் பிற்பட்ட வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலோ நோயாளி செல்வமுடையவனாக இருத்தல் முதற்பண்பாக ஏறிவிடுகிறது. பரிமேலழகர் தரும் நோயாளியின் பண்புகள் வாக்படரின் பட்டியலோடு பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆக, நோயாளிக்குப் பொருள் வேண்டும் என்பது மாறா விதியன்று. ஒரு மரபு இடையே சேர்த்துக்கொண்ட கருத்து.

இதனால் பரிமேலழகரை இரக்கமற்றவர் என்று குறை கூறுதல் பொருந்தாது. பொருளில்லாதவனுக்கு மருத்துவம் செய்யற்க என்று அவர் எழுதவில்லை. மருத்துவம் பலிப்பதற்கு உலகில் எவை துணை நிற்கின்றன என்று கண்டு எழுதினார். அக்கண்டறிதல் இன்றும் உண்மையாகவே இருக்கிறது. ஆயின், உள்ளதைக் கூறும் உரையை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு அமைதல் கற்பிப்போர்க்கு அழகன்று. மூலநூலாசிரியர் செல்வத்தையும் நோயையும் சேர்த்துப் பேசும் பிற இடங்களோடு அதனை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

வள்ளுவர் வைத்த இடம்

அத்தகைய இடங்கள் இரண்டு. முதலாவது, 'நாடு' என்னும் அதிகாரத்தின் 738ஆம் குறள். ஒரு நாட்டுக்கு அணியென ஐந்தினை அது எண்ணுகிறது. அவற்றுள் பிணியின்மை முதலில் நிற்கிறது. செல்வம் அதன் பின்னரே வருகிறது. நோயின்மை இங்கே தனிமனிதனின் பேறாகக் கூறப்படாமல் நாட்டின் அணியாகக் கூறப்படுகிறது. 'மருந்து' அதிகாரமும் அரசையும் அதன் உறுப்புகளையும் பேசும் பொருட்பாலிலேயே இடம்பெற்றிருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இரண்டாவது, 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தின் 217ஆம் குறள். பெருந்தகையாளனிடம் சேர்ந்த செல்வம், எல்லா உறுப்பும் மருந்தாகிப் பயன் தவறாத மரத்தைப் போன்றது என்பது அதன் கருத்து. செல்வத்தையும் மருந்தையும் வள்ளுவர் ஒருசேர வைக்கும் இவ்விடத்தில் அச்செல்வம் நோயாளியின் செல்வமன்று, உதவுவோனின் செல்வம்.

இக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய விளக்கம் மிக நுண்ணியது. மருந்து மரம் எவ்வெவ்வாறு பயன்படாமற் போகும் என்று அவர் எண்ணிப் பார்க்கிறார். சென்று கொள்வதற்கு அரிய இடத்தில் நின்று பயன்படாமற் போகலாம். கண்ணுக்குப் படாமல் மறைந்து நின்று பயன்படாமற் போகலாம். காலத்தால் வேறுபட்டுப் பயன்படாமற் போகலாம். 950ஆம் குறளுக்குப் பொருளுடைமையைக் கூறிய அதே உரையாசிரியர், 217ஆம் குறளின் உரையில் அதற்கு மாற்றான அளவுகோலையும் தந்துவிட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கின் மருத்துவ நிலையை அளந்து பார்க்க இம்மூன்று தவறுதல்களே போதுமானவை.

கிள்ளானின் பழைய பாடம்

இன்றைய நிலைக்கு முன், இதே நிலப்பகுதியின் வரலாறு கூறும் ஒரு செய்தியை நினைவுகூர்தல் தகும். 1901ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் பணியேற்றபோது, மலேரியாக் காய்ச்சல் அவ்வூரை வாட்டிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தையும், அக்காய்ச்சல் முடக்கியது. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி, காட்டைத் திருத்திய பின்னர் நோய் வெகுவாகத் தணிந்தது. கொசுவலைக்கும் கொயினாவுக்கும் கூலியாள் காசு வைத்திருக்கிறானா என்று எவரும் கேட்கவில்லை. அரசாங்கப் பணத்தில் வடிகால் வெட்டப்பட்டது. துறைமுகமும் தோட்டமும் நடைபெற வேண்டும் என்னும் வணிக நோக்கம் அதற்குப் பின்னால் இருந்தது உண்மையே. ஆயினும் பிணியின்மை நாட்டின் பணி என்பதற்குக் கிள்ளான் மண்ணிலேயே அது சான்றாயிற்று.

அதன் பின்னர்த் தோட்டங்களில் மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமையெனச் சட்டங்கள் விதித்தன. தோட்டத்து டிரெஸ்ஸரும் சிறிய மருத்துவமனையும் குறைபாடு நிரம்பியவையாக இருந்தாலும், தொழிலாளி வீட்டிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவில் இருந்தன. பிரிக்ஃபீல்ட்ஸில் 1905இல் எழுந்த நூறு வீட்டுக் குடியிருப்பு போன்றவற்றில் வாழ்ந்த இரயில்வே ஊழியர்க்கும், அரசாங்க ஊழியர் என்ற முறையில் மருத்துவம் உரிமையாயிற்று. இரண்டிலும் மருத்துவம் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. 1980களிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறியோர் துப்புரவுக் குத்தகை வேலைக்கும் லாரி ஓட்டவும் காவல் பணிக்கும் சென்றனர். வேலை மாறியபோது, அதனோடு கட்டப்பட்டிருந்த மருத்துவமும் அறுந்துபோயிற்று.

மூன்று தவறுதல்கள்

முதல் தவறுதல், மரம் கொள்ளற்கரிய இடத்தில் நிற்பது. அரசாங்க மருத்துவமனையில் குடிமகன் ஒருவர் வெளிநோயாளியாக மருத்துவரைக் காணக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைக் காண 5 வெள்ளி. உலக நாடுகள் பல பொறாமைகொள்ளத்தக்க ஏற்பாடு இது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றி மறத்தலாகும். ஆனால் கோலாலம்பூர் மருத்துவமனையும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரகிமா மருத்துவமனையும் பெருகிய மக்கள்தொகையைத் தாங்குகின்றன. கட்டணம் குறைவு, காத்திருப்போ நெடிது. நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் காத்திருப்பு ஒரு நாள் ஊதியமாகும். காத்திருக்க இயலாதோர் தனியார் மருத்துவமனையை நாடுகின்றனர். அங்கே மருத்துவரின் கட்டணத்துக்கு, 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின்கீழ் உச்சவரம்பு உண்டு. அறை வாடகை, மருந்து, பயன்பொருள்கள் முதலியவற்றுக்கு மருத்துவமனை விதிக்கும் விலைக்கு அத்தகைய வரம்பு இல்லை. பட்டியல் நீள்வது இப்பகுதியில்தான். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ முறையாக அமையாத இந்தியக் குடும்பங்களுக்கோ அரசாங்க மருத்துவமனையே எட்டாததாகிவிடுகிறது. குடியுரிமையை மெய்ப்பிக்க இயலாதவர் வெளிநாட்டவராகக் கருதப்பட்டு, 1 வெள்ளிக்குப் பதில் 40 வெள்ளியும், மருத்துவமனையில் சேர வேண்டுமானால் முன்பணமும் கட்ட நேரிடுகிறது. இந்நாட்டிலேயே பிறந்து இந்நாட்டிலேயே நரைத்தவர்க்கு, நோயைவிடத் தாள் பெரிதாகிவிடுகிறது.

இரண்டாம் தவறுதல், மரம் மறைந்து நிற்பது. காப்புறுதிப் பத்திரத்தின் சிறிய எழுத்துகளில், முன்பே இருந்த நோய்க்குக் காப்பில்லை என்பது போன்ற விதிகள் அடங்கியிருக்கின்றன. சந்தா கட்டும் காலமெல்லாம் கண்ணில் படாத அவை, மருத்துவமனை முகப்பில் நிற்கும்போது வெளிப்படுகின்றன. அரசாங்கம் ஏழைகளுக்கென வகுத்த திட்டங்களும் இவ்வாறே மறைந்து நிற்பதுண்டு. 2019இல் மைசலாம் திட்டமும் 40 வயதைக் கடந்தோர்க்கான பெக்கா பி40 உடற்பரிசோதனைத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2023இல் தனியார் கிளினிக்குகளில் குறிப்பிட்ட வரம்புவரை இலவசச் சிகிச்சை தரும் மடானி மருத்துவத் திட்டம் வந்தது. தகுதி இருந்தும் இவற்றின் பெயரையே அறியாதவர், படிவத்தின் மொழி புரியாதவர், விண்ணப்பிக்க வழிகாட்டுவார் இல்லாதவர் ஆகியோர்க்கு இத்திட்டங்கள் இருந்தும் இல்லாதனவே.

மூன்றாம் தவறுதல், காலத்தால் வேறுபடுவது. மருத்துவக் காப்புறுதியின் சந்தா வயதோடு ஏறுகிறது. உடல் நலமாக இருக்கும் இளமையில் குறைவு. நோய் வரும் முதுமையில் மிகுதி. வேலை தந்த குழுக் காப்புறுதி, வேலையோடு முடிகிறது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் சந்தா 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்வதாகச் செய்திகள் வந்தபோது நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2024 டிசம்பர் 20ஆம் நாள் தலையிட்டது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றும், சந்தாதாரருள் குறைந்தது 80 விழுக்காட்டினர்க்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்றும் அது வகுத்தது. 2026 இறுதி வரை இவ்வேற்பாடு எனவும் அறிவித்தது. இது நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்தே. வேரைக் களையும் மருந்தன்று. நோயின் காரணத்தை ஆராய்ந்து அதன்பின் தணிக்கும் வழியை நாட வேண்டும் என்னும் 948ஆம் குறளின் நெறி, செலவு என்னும் நோய்க்கும் பொருந்தும்.

மற்ற மூன்று கூறுகள்

நோயாளியின் பொருள் ஒன்றையே பேசிக்கொண்டிருந்தால் மற்ற மூன்று கூறுகளும் மறைந்துவிடும். தீர்ப்பவனாகிய மருத்துவன், அரசாங்கப் பணியில் நிலைத்திருக்க வழியில்லாமல் தவித்தது 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர் நடத்திய வேலை நிறுத்தத்தில் வெளிப்பட்டது. மருத்துவர் தனியார் துறைக்கோ அயல்நாட்டுக்கோ சென்றால், 1 வெள்ளிக் கட்டணம் தாளில் மட்டுமே மலிவாக இருக்கும்.

மருந்தை எளிதில் கிடைக்கச் செய்ய அரசினால் இயலும் என்பதற்கும் சான்று உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் சி நோய்க்குரிய சோபோஸ்புவிர் என்னும் மருந்து, 2013இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு முறைச் சிகிச்சைக்கு 84,000 அமெரிக்க டாலர் விலையிடப்பட்டது. மலேசிய அரசாங்கம் 2017இல் காப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அம்மருந்தின் மலிவான வடிவத்தை அரசாங்கத் தேவைக்கெனப் பெற வழிசெய்தது. அதன் பயனாக 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அந்நோய்க்கு இலவசச் சிகிச்சை தர இயன்றது. தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்தின் விலையைக் காட்ட வேண்டும் என்னும் ஆணை 2025 மே 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. விலையைக் காட்டுவது மறைவை நீக்கும்; விலையைக் குறைப்பது வேறு.

நான்காம் கூறாகிய பேணுபவரை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலைச் சட்டம் நோயுற்ற தொழிலாளிக்குப் பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் விடுப்பும், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாளும் தருகிறது. தாயைக் கவனிக்கும் மகளுக்கென அத்தகைய விடுப்பு அதில் இல்லை. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் நோயாளியின் பின்னால், வேலையை விட்டுவிட்ட ஒரு மனைவியோ மகளோ பெரும்பாலும் இருக்கிறார். அவர் இழந்த ஊதியம் எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

இலவசம் என்று எதுவும் இல்லை. எல்லார்க்கும் மருத்துவம் என்றால் யாரோ பணம் கட்டத்தானே வேண்டும் என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானது. விடையும் மறைக்க வேண்டியதன்று. மலேசியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவு இப்போதே மக்களின் சொந்தக் கையிலிருந்து நேரே போகிறது. ஆகவே பணம் கட்டுவதா இல்லையா என்பது வினாவன்று. எப்போது, எவ்வாறு கட்டுவது என்பதே வினா. நலமாக இருக்கும்போது எல்லாரும் இயன்ற அளவு சேர்த்து வைப்பது ஒரு முறை. நோயுற்றுப் படுத்திருக்கும்போது ஒருவரிடம் மட்டும் முழுவதையும் கேட்பது மற்றொரு முறை. அண்டை நாடான தாய்லாந்து, 2001இல் தொடங்கி 2002இல் நாடு முழுவதும் பரவிய திட்டத்தின்வழி, எந்தக் காப்பும் இல்லாதிருந்த மக்களை வரிப்பணத்தால் காக்க முற்பட்டது. ஒரு முறை மருத்துவம் பெற 30 பாட் என்பதே தொடக்கக் கட்டணம். மலேசிய நாடாளுமன்ற மக்களவையும் 2023 ஜூனில் சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றது. சுகாதார நிதியை எவ்வாறு திரட்டுவது என்பது அவ்வறிக்கையின் தலையாய வினாக்களுள் ஒன்று. 1980களிலிருந்தே பேசப்பட்டு வரும் அவ்வினாவுக்கு முடிவு காண்பது இனியும் தள்ளத்தக்கதன்று.

இதற்கிடையில் தமிழ் நாளேடுகள் ஒரு தனி எழுத்து வகையையே வளர்த்துவிட்டன. நோயாளியின் படம், நோயின் பெயர், தேவைப்படும் தொகை, வங்கிக் கணக்கு எண், நல்லுள்ளங்களுக்கு வேண்டுகோள் என்பன அதன் உறுப்புகள். பசிப்பிணிக்கு மருத்துவன் எனச் சங்கப் புலவன் போற்றிய பண்ணனின் மரபு இன்னும் வற்றவில்லை என்பதற்கு, அவ்வேண்டுகோளுக்குச் சேரும் வெள்ளிகளே சான்று. அவ்வீகையை எவரும் பழிக்கலாகாது. ஆனால் அவ்வெழுத்தைத் திறனாய்வு நோக்கில் படிப்போர் ஒன்றைக் காண்பர். அதில் நோயாளி தன் துன்பத்தை மெய்ப்பித்துக் காட்டியாக வேண்டும். படம் உருக்கமாக அமையாதவர்க்கும், எழுதித்தர ஆளில்லாதவர்க்கும் அம்மரம் பயன்படாமலே போகும். ஈகை நாட்டின் பண்பு. பிணியின்மை நாட்டின் அணி. ஒன்றிருக்கிறது என்பதால் மற்றொன்றை விட்டுவிட இயலாது.

ஆகவே 'மருந்து' அதிகாரத்தை 950ஆம் குறளோடு முடிக்காமல், 738ஆம் குறளையும் 217ஆம் குறளையும் அதனோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். உணவொழுக்கத்தைக் கூறும் ஆறு குறள்களும் தம் இடத்தில் நிற்கட்டும். அவை மாணவர்க்குத் தேவையானவையே. அதே வேளையில், நாற்கூற்றையும் ஒப்புவிக்கும் மாணவனிடம், நோயாளிக்கு வேண்டிய பொருள் யாருடைய பொருளாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் கேட்கட்டும். உயர்நிலை மாணவர் பரிமேலழகரின் இரண்டு உரைப்பகுதிகளையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டு எழுதட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வருவோரிடம் உடற்பரிசோதனைத் திட்டங்களைத் தமிழில் எடுத்துரைப்பதும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் பெற்றோரைப் பதிவிலாகாவுக்கு வழிகாட்டி அனுப்புவதும் பள்ளியால் இயலும் செயல்களே. மறைந்து நிற்கும் மரத்துக்குப் பாதை காட்டுவது ஆசிரியர் கடன். கொள்ளற்கரிய இடத்தில் நிற்கும் மரத்தை ஊர் நடுவே கொண்டுவந்து நடுவது நாட்டின் கடன். அதனை நாட்டிடம் கேட்கத் தெரிந்த தலைமுறை, இக்குறள்களைப் பொருளுணர்ந்து படித்த வகுப்பறையிலிருந்தே வர வேண்டும்.